மனநலச் செவிலிய ஆய்வுகளில் அறிக்கையிடல் வழிகாட்டுதல்கள்

மனநலச் செவிலிய ஆய்வுகளில் அறிக்கையிடல் வழிகாட்டுதல்கள் என்பவை, ஓர் ஆய்வு எப்படி நடத்தப்பட்டது, யாரிடம் நடத்தப்பட்டது, என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பவற்றைக் கட்டுரையில் விடுபடாமல் எழுத உதவும் சரிபார்ப்புப் பட்டியல்கள் ஆகும். இவை ஆய்வை நடத்தும் முறையைக் கற்பிப்பவை அல்ல. நடந்த ஆய்வைப் படிப்பவர் எடைபோடவும், தம் ஊரில் திரும்பச் செய்து பார்க்கவும் வேண்டிய செய்திகள் கட்டுரையில் உள்ளனவா என்று கேட்பவை. தமிழ்நாட்டில் மனநலம் தொடர்பாக வெளிவந்த சில ஆய்வுகளை இந்தக் கேள்வியோடு படித்து, வழிகாட்டுதல்களின் பயனையும் குறைகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பின்னணி

திருவாரூர் மாவட்டத்தில் பாக் நீரிணையை ஒட்டி, அலையாத்திக் காடுகளுக்கு அருகில் அமைந்த ஊர் முத்துப்பேட்டை. அதை அடுத்த ஜாம்புவானோடையில் உள்ள தர்காவுக்கு மனநலம் குன்றியவர்களை அழைத்து வந்து தங்கவைப்பது நெடுநாள் வழக்கம். முஸ்லிம்கள் மட்டுமன்றி இந்துக் குடும்பங்களும் வருகின்றன. அதே மாவட்டத்தில் அரசு மருத்துவமனைகளும், மாவட்ட மனநலத் திட்டமும், திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ஒரே குடும்பம் ஒரே மாதத்தில் தர்காவிலும் தங்கும். மருத்துவமனையில் மாத்திரையும் வாங்கும்.

இந்தப் பகுதி பேரிடர்களையும் கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் அண்டை மாவட்டமான நாகப்பட்டினத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் முத்துப்பேட்டை, வேதாரண்யம் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. பேரிடருக்குப் பின் மக்களின் மனநிலை பற்றிய கேள்வி இங்கே ஏட்டளவில் நிற்பதில்லை.

இத்தகைய ஊரில் பணியாற்றும் செவிலியர் ஓர் ஆய்வுக்கட்டுரையைப் படிப்பதாகக் கொள்வோம். "குடும்பத்தாருக்கு அளிக்கப்பட்ட செவிலிய ஆலோசனை பயனளித்தது" என்று அது முடிகிறது. அவர் அறிய வேண்டியவை சில: ஆலோசனையில் என்ன சொல்லப்பட்டது? யார் சொன்னார்? எத்தனை முறை, எவ்வளவு நேரம்? தாயிடம் மட்டுமா, கணவரிடமுமா? பாதியில் வராமல் நின்றவர்கள் எத்தனை பேர்? இவற்றுக்குக் கட்டுரையில் விடை இல்லை என்றால், அந்த ஆய்வு உண்மையாகவே நல்ல ஆய்வாக இருந்தாலும் அவருக்குப் பயன்படாது.

வழிகாட்டுதல்களின் தோற்றமும் வகைகளும்

1996-இல் வெளியான கன்சார்ட் அறிக்கை இவ்வகையில் பரவலாக ஏற்கப்பட்ட முதல் வழிகாட்டுதல். 2001, 2010, 2025 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. ஆய்வின் தன்மைக்கு ஏற்பப் பின்னர் வேறு பட்டியல்களும் வந்தன. அவற்றை ஓரிடத்தில் திரட்டித் தரும் ஈக்குவேட்டர் வலையமைப்பு 2008-இல் தொடங்கப்பட்டது. புள்ளியியல் அறிஞர் டக்ளஸ் ஆல்ட்மன் அதன் முன்னோடிகளில் ஒருவர். மனநலச் செவிலிய மாணவர்களுக்கு அதிகம் பயன்படுபவை:

- கன்சார்ட்: பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகளுக்கு.
- ஸ்ட்ரோப் (2007, 22 இனங்கள்): ஆய்வாளர் சிகிச்சை எதையும் அளிக்காமல், இருப்பதைக் கணக்கெடுக்கும் நோக்காய்வுகளுக்கு.
- கோரெக் (2007, 32 இனங்கள்): நேர்காணல், குழு உரையாடல் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட பண்புசார் ஆய்வுகளுக்கு.
- டைடியர் (2014, 12 இனங்கள்): அளிக்கப்பட்ட சிகிச்சை அல்லது பராமரிப்பை விவரிப்பதற்கு.
- பிரிஸ்மா (2009, திருத்தம் 2020): பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் முறையான மீளாய்வுகளுக்கு.
- ஸ்பிரிட் (2013, திருத்தம் 2025): ஆய்வு தொடங்கும் முன் எழுதப்படும் ஆய்வுத் திட்டத்துக்கு.

செவிலிய ஆய்வுக்கு இவற்றில் டைடியர் தனி முக்கியத்துவம் உடையது. மருந்து ஆய்வில் மாத்திரையின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதினால் எந்த ஊரிலும் அதையே கொடுக்க முடியும். மனநலச் செவிலியர் அளிப்பதோ பெரும்பாலும் பேச்சு, கவனிப்பு, வீட்டுக்குச் சென்று பார்த்தல், மருந்து உண்ணச் செய்தல், குடும்பத்தைத் தேற்றுதல் ஆகியவை. இவற்றுக்கு மில்லிகிராம் இல்லை. எழுதினால் மட்டுமே அளவு தெரியும். மருந்தில்லாச் சிகிச்சைகள் 137-ஐ எடுத்து 2013-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, அவற்றில் 39 சதவீதம் மட்டுமே திரும்பச் செய்யும் அளவுக்கு விவரிக்கப்பட்டிருந்ததாகக் கண்டது. கட்டுரையாளர்களிடமே எழுதிக் கேட்ட பின் அது 59 சதவீதமாக உயர்ந்தது. செய்தி ஆய்வாளரிடம் இருந்தது. கட்டுரையில் இல்லை என்பதே இதன் பொருள்.

ஒரே பேரலை, இரண்டு எண்கள்

ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டில் நடந்த இரண்டு ஆய்வுகள் 2007-இல் வெளியாயின. இரண்டும் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன உளைச்சல் நோயைப் பற்றியவை. கடலோர மீனவக் கிராமம் ஒன்றின் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு, 12.7 சதவீதத்தினருக்கு அந்நோய் இருப்பதாகக் கூறியது. சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடந்த மற்றொன்று, 70.7 சதவீதத்தினருக்கு உடனடி நிலையிலான அந்நோய் இருப்பதாகக் கூறியது.

இரண்டில் எது சரி என்பது தவறான கேள்வி. குழந்தைகள் வேறு, பெரியவர்கள் வேறு. கேட்கப்பட்ட வினாத்தாள்கள் வேறு. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் "நோய்" என்று கொள்வது என்ற கோடும் வேறாகலாம். அலை வீட்டுக்குள் புகுந்த ஊரில் கணக்கெடுத்தால் ஒரு விடை; கரையைத் தொட்டுத் திரும்பிய ஊரில் வேறு விடை. ஒவ்வொரு எண்ணும் தன் வரம்புக்குள் உண்மையாக இருக்கக்கூடும். வரம்பைக் கழற்றி எண்ணை மட்டும் எடுத்துச் செல்லும்போதுதான் சிக்கல் எழுகிறது.

இதன் விளைவை எளிய கணக்கால் காணலாம். பேரிடர் பாதித்த 200 பேருக்கு உதவி திட்டமிடப்படுகிறது. முதல் எண்ணைக் கொண்டால் சுமார் 25 பேருக்கும், இரண்டாம் எண்ணைக் கொண்டால் சுமார் 141 பேருக்கும் சிகிச்சை தேவை. 25 பேரை ஒரு செவிலியர் தனித்தனியே சந்தித்துப் பேச முடியும். 141 பேருக்கு அவரால் இயலாது. கூட்டம் கூட்டிப் பொதுவாகப் பேசுவதோடு நின்றுவிடும். உண்மையில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 25 பேர் அந்தக் கூட்டத்தில் கரைந்து போவார்கள்.

ஸ்ட்ரோப் வழிகாட்டுதல் வெளியானதும் அதே 2007-இல்தான். எந்த இடம், எந்தக் காலம், யாரைச் சேர்த்தனர், யாரை விட்டனர், எந்த அளவுகோல், எத்தனை பேர் மறுத்தனர் என்று அது கேட்கிறது. எண்ணைப் பயன்படுத்த விரும்பும் திட்ட அலுவலரும் செய்தியாளரும் கேட்க வேண்டிய கேள்விகளும் அவையே. ஒரு சதவீதத்தை மேற்கோள் காட்டும் மாணவர், அதனோடு ஊர், வயது, காலம், அளவுகோல் ஆகிய நான்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கோயிலில் தங்கியவர்கள்: 2002

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். வழிபாட்டிடங்களில் மனநோயாளிகள் தங்குவதைப் பற்றிய விவாதம் நாடு முழுவதும் எழுந்தது.

அடுத்த ஆண்டே, 2002-இல், பிரித்தானிய மருத்துவ இதழில் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய சிறு கட்டுரை வெளியானது. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரை அவர்கள் பின்தொடர்ந்தனர். வந்தபோதும் புறப்பட்டபோதும் நோய்க்குறிகள் ஓர் அளவுகோலால் மதிப்பிடப்பட்டன. சராசரி மதிப்பெண் 52.9-இலிருந்து 42.9-ஆகக் குறைந்திருந்தது, ஏறக்குறைய 20 சதவீதக் குறைவு. பல மனநோய் மருந்துகளால் கிடைக்கும் முன்னேற்றத்தோடு கட்டுரை இதை ஒப்பிட்டது. தனிச் சடங்கு எதையும் அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. அச்சுறுத்தாத, அரவணைக்கும் சூழலில் தங்கியதே பயன் தந்திருக்கலாம் என்றனர்.

இந்தக் கட்டுரைக்கு இரு வகையான வாசிப்புகள் உண்டு. வழிபாட்டிடங்களை ஆதரிப்போர் "மருந்துக்கு ஈடு" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வர். எதிர்ப்போர் "31 பேர்தானே" என்று தள்ளிவிடுவர். இரண்டுமே முழுமையான வாசிப்பு ஆகாது.

ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. கோயிலுக்கு வராமல் வீட்டிலேயே அதே காலம் இருந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாது. நோய் மிகவும் முற்றிய வேளையில்தான் குடும்பம் ஒருவரை வெளியே அழைத்து வருகிறது. உச்சத்தில் இருக்கும் நோய்க்குறிகள் எதுவும் செய்யாமலேயே சற்றுத் தணிவதும் உண்டு. எனவே குறைந்த 10 மதிப்பெண்ணில் கோயிலின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. மருந்தோடு ஒப்பிட்டுச் சொன்னது தரவு தாங்கும் எடையை மீறிய பேச்சு. மருந்து ஆய்வுகளில் மருந்து பெறாத குழு ஒன்று இருக்கும். அந்தக் குழுவிலும் ஓரளவு முன்னேற்றம் இருக்கும். அதைக் கழித்த பிறகே மருந்தின் பயன் சொல்லப்படும். இங்கே கழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அதே சமயம் கட்டுரையின் நேர்மையையும் சொல்ல வேண்டும். எத்தனை பேர், எந்தக் கோயில், எந்த அளவுகோல், முன்னும் பின்னும் என்ன மதிப்பெண் என்பவை வெளிப்படையாக எழுதப்பட்டன. அதனால்தான் இன்றும் அதனோடு வாதிட முடிகிறது. சிறிய ஆய்வாக இருந்தும் அது வாழ்வதற்குக் காரணம் இதுவே. "தேர்ந்தெடுக்கப்பட்ட வழிபாட்டிடம் ஒன்றில் சில நோயாளிகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆதரிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

முத்துப்பேட்டைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு கோயிலின் 31 பேரைக் கொண்டு ஜாம்புவானோடையைப் பற்றியோ, ஏர்வாடியின் ஒரு கொட்டகையைக் கொண்டு எல்லாத் தர்காக்களைப் பற்றியோ தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தந்த இடத்தில் யார் தங்குகிறார்கள், எவ்வளவு நாள், மருந்து தொடர்கிறதா, கட்டிவைக்கப்படுகிறார்களா என்பவை அங்கேயே பார்த்து எழுதப்பட வேண்டியவை.

காஞ்சிபுரம் ஆய்வு: 2014

முழுமையான அறிக்கையிடலுக்குத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய நல்ல எடுத்துக்காட்டு, 2014-இல் லான்செட் இதழில் வெளியான கோப்சி ஆய்வு. மனச்சிதைவு நோயாளிகளுக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று உதவினால் பயன் கூடுமா என்பது கேள்வி. கோவா, மகாராட்டிரத்தின் சாத்தாரா, தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டம் ஆகிய மூன்று இடங்களில் அது நடந்தது. காஞ்சிபுரம் பகுதிப் பணியைச் சென்னையின் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப் மேற்கொண்டது. 282 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர்: 187 பேருக்கு வீட்டு உதவியும் மருத்துவமனைச் சிகிச்சையும், 95 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். 12 மாதம் கழித்து இரு குழுக்களும் ஒப்பிடப்பட்டன.

முடிவு அடக்கமாகவே சொல்லப்பட்டது. வீட்டு உதவி பெற்றவர்களிடம் முன்னேற்றம் சற்றே கூடுதல். அன்றாட வாழ்வில் இயலாமை குறைந்தது. சிகிச்சை வசதி குறைந்த கிராமப்புறங்களில் இம்முறையைத் தொடங்குவது பொருத்தம் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர். ஆய்வு முடியும் முன்பே, 2011-இல், அதன் திட்டம் தனிக் கட்டுரையாக வெளியாகியிருந்தது. பணியாளரின் பணி எப்படி வடிவமைக்கப்பட்டது என்பது 2012-இல் மற்றொரு கட்டுரையாக வந்தது.

இந்த வரிசையின் மதிப்பு பெரிது. எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே அச்சில் சொல்லிவிட்டால், பின்னர் நன்றாக வந்த எண்ணை மட்டும் எடுத்துக்காட்ட முடியாது. பயன் "சற்றே" என்று எழுத நேர்ந்தால் அதை அப்படியே எழுத வேண்டியிருக்கும். டெல்டாவில் இம்முறையைச் செய்ய விரும்புவோர், பணியாளருக்கு என்ன பயிற்சி, யார் மேற்பார்வை என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியும்.

செவிலியத்தின் கண் கொண்டு பார்த்தால் இதில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வீட்டுக்குச் சென்றவர்கள் செவிலியர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். அதே பணியைச் செவிலியர் செய்தால் பயன் கூடுமா, செலவு கூடுமா என்பதைச் செவிலிய ஆய்வே சொல்ல வேண்டும். முன்னவர்கள் தங்கள் முறையை முழுமையாக எழுதி வைத்ததால்தான் அந்த ஒப்பீட்டுக்கு வாய்ப்பு உள்ளது.

முதுநிலை ஆய்வேடுகளின் வடிவம்

தமிழ்நாட்டில் மனநலச் செவிலிய ஆய்வின் பெரும்பகுதி இதழ்களில் வெளிவருவதில்லை. அது முதுநிலைச் செவிலியப் பட்டத்துக்கு எழுதப்படும் ஆய்வேடுகளில் உள்ளது. இவற்றில் ஒரு வடிவம் மிகப் பரவலாகக் காணப்படுகிறது: "தேர்ந்தெடுக்கப்பட்ட" ஊரில் அல்லது மருத்துவமனையில், ஒரு பொருளைப் பற்றி, "கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பயனை மதிப்பிடும் ஆய்வு". முதலில் ஒரு வினாத்தாள். பிறகு ஒரு வகுப்பு. சில நாள் கழித்து அதே வினாத்தாள்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு இதை விளக்கும். மனச்சிதைவு நோயாளிகளைப் பராமரிக்கும் 60 உறவினர்களுக்கு 20 மதிப்பெண் வினாத்தாள் தரப்படுகிறது. சராசரி 8. மறுநாள் 45 நிமிட வகுப்பு. ஏழு நாள் கழித்து அதே வினாத்தாளில் சராசரி 15. புள்ளியியல் சோதனையும் வேறுபாடு தற்செயலானது அன்று என்கிறது. "கற்பித்தல் திட்டம் பயனுள்ளது" என்று ஆய்வேடு முடிகிறது.

இந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது காட்டுவது எதை? பாடம் நடத்தி, அதே கேள்விகளை ஒரு வாரத்தில் திரும்பக் கேட்டால் மதிப்பெண் கூடும் என்பதைப் பள்ளிக்கூடம் நெடுங்காலமாக அறியும். நோயாளி மாத்திரையை நிறுத்தாமல் உண்டாரா, மீண்டும் சேர்க்கப்படுவது குறைந்ததா, வீட்டில் அடி உதை நின்றதா என்பதே குடும்பத்தின் கேள்வி. அவை அளக்கப்படவில்லை.

இந்த ஆய்வேட்டின் மேல் டைடியர், கன்சார்ட் ஆகியவற்றின் கேள்விகளை வைத்தால் இன்னும் சில இடைவெளிகள் தெரியும். வகுப்பில் சொன்னவை பிற்சேர்க்கையில் உண்டா? வகுப்பை ஆய்வாளரே நடத்தி, மதிப்பெண்ணையும் அவரே இட்டாரா? 60 பேரும் இரண்டாம் முறை வந்தனரா, வந்தவர்களை மட்டும் கணக்கிட்டனரா? எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வினாக்களை வாசித்துக் காட்டியது யார்? ஒப்பீட்டுக் குழு இல்லாததற்குக் காரணம் என்ன?

"தேர்ந்தெடுக்கப்பட்ட" என்ற சொல்லும் ஆராயத் தக்கது. யாரால், எதன் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று அச்சொல் சொல்வதில்லை. நிறுவனத்தின் பெயரை மறைக்க வேண்டிய காரணம் இருக்கலாம். ஆனால் அது அரசு மருத்துவமனையா, தனியாரா, தொண்டு நிறுவனமா. நோயாளிகள் உள்ளூராரா, வெளியூராரா என்பதை மறைக்கத் தேவையில்லை. பெயரைச் சொல்லாமலேயே சூழலைச் சொல்லலாம்.

இந்தக் குறைகளுக்கு மாணவரை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமன்று. தரவு திரட்டக் கிடைப்பது சில வாரங்களே. முந்தைய ஆண்டு ஆய்வேடு எப்படி இருந்ததோ அதுவே அடுத்தவருக்கு மாதிரி. தேர்வாளர் எதைக் கேட்கிறாரோ அதுவே எழுதப்படும். எனவே மாற்றம் வழிகாட்டும் ஆசிரியரிடமிருந்தும் மதிப்பிடும் முறையிலிருந்தும் தொடங்க வேண்டும்.

வழிகாட்டுதல்கள் கேட்பதும் கேட்காததும்

கோரெக் பட்டியலின் கேள்விகளில் ஒன்று: நேர்காணலின்போது பங்கேற்பாளரையும் ஆய்வாளரையும் தவிர வேறு யாராவது உடன் இருந்தனரா? அயல்நாட்டில் எழுதப்பட்ட இக்கேள்வி டெல்டா கிராமத்துக்கு மிகவும் பொருந்துகிறது. திண்ணையில் அமர்ந்து மருமகளிடம் பேசும்போது மாமியார் கதவருகில் நிற்பார். அண்டை வீட்டார் எட்டிப்பார்ப்பர். "வீட்டில் யாரும் கடிந்து பேசுவதில்லை" என்ற விடை அப்போது கிடைத்ததா, தனியாகப் பேசும்போது கிடைத்ததா என்பதில் பொருளே மாறிவிடும்.

ஆனால் மொழியைப் பற்றி இப்பட்டியல்கள் போதிய அளவு அழுத்திக் கேட்பதில்லை. மனநல ஆய்வின் அளவுகோல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. மனச்சோர்வைப் பற்றிய ஒரு கேள்வி தமிழில் எந்தச் சொல்லால் கேட்கப்பட்டது? "மனச்சோர்வு" என்பது நூல்மொழி. வயல் வேலை செய்யும் பெண் "மனசு சரியில்ல", "நெஞ்சு பாரமா இருக்கு", "எதுலயும் புடிப்பு இல்ல" என்று சொல்லக்கூடும். குரல்கள் கேட்பதைச் சிலர் "காத்து கருப்பு" என்பர், "செய்வினை" என்பர். "உங்களுக்கு இல்லாத குரல்கள் கேட்கின்றனவா?" என்று நேராகக் கேட்டால், கேட்பவருக்கு அவை இல்லாத குரல்கள் அல்லவே, "இல்லை" என்றே விடை வரும். "தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்க்கப்பட்டது" என்ற ஒற்றை வாக்கியத்தில் இந்தச் சிக்கல் முழுவதும் மறைந்துவிடுகிறது. பயன்படுத்திய தமிழ் வினாக்களையே இணைத்துத் தருவதே இதற்குத் தீர்வு.

நோயாளி ஒரே சமயத்தில் வேறு எங்கெல்லாம் உதவி பெறுகிறார் என்பது மற்றொன்று. முத்துப்பேட்டைப் பகுதியில் தர்காவில் தங்கியவர், மந்திரித்தவர், நாட்டு மருந்து உண்டவர் ஆகியோரையும் சேர்த்தே எந்த ஆய்வும் அமையும். ஆய்வாளர் கேட்கவில்லை என்றால் அவர்கள் "சிகிச்சை பெறாதவர்" என்று பதிவாகிவிடுவர்.

ஒப்புதல் மூன்றாவது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளிடம் நடத்தும் ஆய்வுக்கு அவர்களது சுதந்திரமான, விவரம் அறிந்த ஒப்புதலைக் கோருகிறது. ஒப்புதல் தர இயலாத நிலையில் உள்ளவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பையும் வகுத்துள்ளது. "நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்பட்டது" என்ற வரி மட்டும் இதற்குப் போதாது. ஒப்புதல் கேட்டது யார், நோயாளியிடமா உறவினரிடமா, மறுத்தவர்களின் சிகிச்சையில் மாற்றம் எதுவும் இல்லை என்று சொல்லப்பட்டதா என்பவையும் எழுதப்பட வேண்டும். தன் நோயைப் பற்றி வெளியே சொன்னால் மகளின் திருமணம் தடைபடும் என்று அஞ்சும் ஊரில், ஒருவர் ஆய்வாளரிடம் வாய்திறப்பது பெரிய நம்பிக்கை. அவர் சொன்னதை அரைகுறையாக எழுதி வைப்பது அந்த நம்பிக்கைக்குச் செய்யும் குறை.

வழிகாட்டுதல்கள் மீதான மறுப்புகள்

வழிகாட்டுதல்களுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் சில வலுவானவை.

முதலாவது, பட்டியலை நிரப்புவதே நோக்கமாகிவிடும் என்பது. எல்லாக் கட்டத்திலும் "ஆம், பக்கம் 7" என்று எழுதிவிட்டு, பக்கம் 7-இல் ஒரு வரி மட்டும் இருக்கலாம். கன்சார்ட்டை ஏற்ற இதழ்களில் அறிக்கையிடல் ஓரளவு மேம்பட்டது, ஆயினும் இன்னும் முழுமையடையவில்லை என்று 2012-இல் வெளியான காக்ரேன் மீளாய்வு கூறியது. பட்டியல் உதவுகிறது, அது மட்டும் போதாது.

இரண்டாவது, பண்புசார் ஆய்வுகளை ஒரே அச்சில் வார்க்கிறது என்பது. "புதிய கருத்து எதுவும் வராத நிலை வரை நேர்காணல் நடந்ததா" என்று கோரெக் கேட்கிறது. எல்லா வகைப் பண்புசார் ஆய்வுக்கும் இந்தக் கருத்து பொருந்தாது. கேள்விக்குப் பயந்து, நடக்காததை நடந்ததாக எழுதும் நிலை வரக்கூடாது. "இந்த ஆய்வுக்கு இது பொருந்தாது, காரணம் இது" என்று எழுதுவதே முறையான விடை.

மூன்றாவது, மோசமான ஆய்வை இவை நல்ல ஆய்வாக்கா என்பது. இது உண்மை. மேலே சொன்ன 60 பேர் ஆய்வை எவ்வளவு முழுமையாக எழுதினாலும் அது காட்டுவது அதே சிறு உண்மையைத்தான். ஆனால் முழுமையாக எழுதப்பட்டால், அதன் சிறுமை எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாணவர் அதையே திரும்பச் செய்யாமல் ஒரு படி மேலே போகலாம். இவ்வகையில் வழிகாட்டுதல்கள் மறைமுகமாக ஆய்வின் தரத்தையும் உயர்த்துகின்றன.

மாணவர்களுக்கான நடைமுறை

பட்டியலை ஆய்வு முடிந்த பின் எடுப்பது பரவலான தவறு. மறுத்தவர்களின் எண்ணிக்கையை முதல் நாளிலிருந்து குறித்து வைக்காவிட்டால், கடைசியில் எந்தப் பட்டியலாலும் அதை மீட்க முடியாது. எனவே ஆய்வுத் தலைப்பு உறுதியானவுடன் பொருத்தமான பட்டியலைத் தேர்ந்து, ஒவ்வொரு இனத்துக்கும் வேண்டிய செய்தியை எந்தப் படிவத்தில், யார் பதிவது என்று முடிவு செய்ய வேண்டும்.

சிகிச்சை அல்லது பராமரிப்பை ஒப்பிடும் ஆய்வு என்றால், 2007-இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் முன்பதிவு செய்யலாம். முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும்.

எழுதும்போது கீழ்க்காண்பவற்றைத் தவறவிடக் கூடாது:

- அணுகியவர்கள், மறுத்தவர்கள், சேர்ந்தவர்கள், இடையில் நின்றவர்கள் ஆகியோரின் எண்ணிக்கை.
- அளித்த பராமரிப்பு: பொருள், நேரம், முறை, இடம், அளித்தவரின் தகுதி.
- பயன்படுத்திய தமிழ் வினாக்கள் முழுமையாக.
- பயன் தராத முடிவுகளும், ஏற்பட்ட தீங்குகளும்.
- முடிவு எந்த ஊருக்கும் மக்களுக்கும் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது.

இவற்றுள் நான்காவதே அதிகம் விடுபடுவது. "பயன் இல்லை" என்ற முடிவு தோல்வி என்று மாணவர்கள் எண்ணுகின்றனர். பயனற்ற ஒன்றில் அடுத்த செவிலியரின் உழைப்பும் அடுத்த குடும்பத்தின் பேருந்துக் கட்டணமும் வீணாகாமல் காப்பது அந்த முடிவுதான்.

மதிப்பீடு

அறிக்கையிடல் வழிகாட்டுதல்கள் ஆய்வாளருக்கும் இதழாசிரியருக்கும் இடையிலான அலுவலகத் தாள்களாகவே பெரும்பாலும் பார்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டு ஆய்வுகளின் ஊடாகப் பார்க்கும்போது அவற்றின் உண்மையான பயனாளி வேறு ஒருவர் என்பது தெரிகிறது: ஆய்வு நடந்த இடத்திலிருந்து தொலைவில், மருத்துவரின் துணை எப்போதும் கிடைக்காத ஊரில், ஒரு நோயாளியையும் கலங்கிய குடும்பத்தையும் எதிரே வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய செவிலியர். கோயில் ஆய்வோடு அவர் வாதிட முடிவதும், காஞ்சிபுரம் ஆய்விலிருந்து கற்க முடிவதும் அவை திறந்து எழுதப்பட்டதால்தான். அயல்நாட்டுப் பட்டியல்களை அப்படியே ஏற்பதோடு நில்லாமல், மொழி, உடனிருப்போர், பிற இடங்களில் பெறும் உதவி, ஒப்புதல் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளைத் தமிழ்நாட்டுச் செவிலியக் கல்லூரிகள் தாமே சேர்த்துக்கொண்டால், அடுத்து எழுதப்படும் ஆய்வேடு நூலக அலமாரியோடு முடியாமல் நோயாளியின் வீடு வரை செல்லும்.